டிராக்டரை நிறுத்திய நாற்று முடி

சரித்திரப் புத்தகம் எழுதுகிறவன் என்றதும் பெரிய படிப்பு படித்தவன் என்று நினைத்துக்கொண்டு என்னைப் பார்க்க வருகிறவர்கள் உண்டு. ஒரு டம்ளர் காபி குடித்து முடிப்பதற்குள் அவர்களுக்கே விஷயம் விளங்கிவிடும். நான் பள்ளிக்கூடம் போனது எட்டாவது வரைக்கும்தான். மிச்சமெல்லாம் தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு நோட்டுப் புத்தகக் கடையில் வேலை பார்த்தபோது, விற்காமல் கிடந்ததையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. கல்வெட்டு எழுத்தைக்கூடக் கோயில் சுவரில் விரலை வைத்துத் தடவித் தடவித்தான் பழகினேன். அர்ச்சகர் ஒருவர் கொஞ்ச நாள் என்னைச் சந்தேகத்தோடு பார்த்துவிட்டு, "செவத்துல என்ன ஓய் தேடறீர், பல்லியா?" என்று கேட்டார். அதற்கப்புறம் அவர் எனக்குப் பெரிய சிநேகிதர்.

பிள்ளைகளுக்குச் சரித்திரம் எழுத எனக்கு ஒரு வழி உண்டு. எந்த இடத்தைப் பற்றி எழுதப்போகிறேனோ அந்த இடத்துக்கே பிள்ளைகளைக் கூட்டிப் போவேன். போனதும் நான் வாயைத் திறப்பதில்லை. அவர்கள் சுற்றிப் பார்த்துவிட்டு ஏதாவது கேட்பார்கள். அந்தக் கேள்வி ஒவ்வொன்றும் ஒரு அத்தியாயம். "ராஜாவுக்குக் காய்ச்சல் வந்தா யாரு சார் நாட்டைப் பாத்துக்குவா?" என்று ஒரு பையன் பெரிய கோயில் பிரகாரத்தில் கேட்டான். "இந்தக் கல்லைத் தூக்குனவங்க மத்தியானம் என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டது இன்னொன்று. எனக்குப் பதில் தெரியாது. தெரியாததால்தான் தேடினேன், தேடியதால்தான் புத்தகம் வந்தது. என் புத்தகங்களை யாராவது சுவாரசியமாக இருக்கிறது என்று சொன்னால் அந்தப் பாராட்டில் பாதியைப் பிள்ளைகளிடம் சேர்த்துவிட வேண்டும்.

ஆட்சி மாறிச் சில வருஷம் ஆகியிருந்த காலம் அது. டீக்கடை ரேடியோவில் மந்திரிகள் அடுக்குமொழியில் பேசுவார்கள், கேட்டுக்கொண்டிருப்பவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு இன்னொரு டீ சொல்வார்கள். வயலில் இறங்குகிறவர்களுக்கு இவ்வளவு கூலி என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. அந்த அறிவிப்பு சென்னையிலிருந்து புறப்பட்டு எங்கள் பக்கத்து வரப்புக்கு வந்து சேர்வதற்குள் களைத்துப் போய்விடும். சில ஊர்களில் கொடுத்தார்கள். பல ஊர்களில், "பக்கத்து ஊரிலேயே கொடுக்கவில்லை, நான் மட்டும் எப்படிக் கொடுப்பேன்" என்றார்கள் மிராசுதார்கள். அறுப்பு நிற்கும், நடவு நிற்கும், வெளியூர் ஆள் வரும், அதோடு சண்டையும் வரும். கீழ்ப்பக்கத்தில் கூலித் தகராறில் நடந்து முடிந்த ஒரு கொடுமையைப் பற்றிச் சத்தமாகப் பேசக்கூட ஜனங்கள் பயந்த நாட்கள். ஆனால் நான் அப்போது காவிரித் தண்ணீரின் சரித்திரத்தை எழுதிக்கொண்டிருந்தேன். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வாய்க்காலெல்லாம் எனக்கு அத்துப்படி. அன்றைக்கு எந்த வாய்க்கால் கரையில் என்ன தகராறு என்றால் தெரியாது.

நாகப்பட்டினம் போகிற பக்கத்தில், ஒரு கிராமத்து வாய்க்கால் தலைப்பில், பழைய மதகு ஒன்று இருப்பதாகவும் அதன் பக்கத்துக் கல்லில் எழுத்து இருப்பதாகவும் கேள்விப்பட்டேன். காலாண்டு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்திருந்தது. தஞ்சாவூரில் கிராமத்துப் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கிற ஒரு விடுதி உண்டு. எல்லாம் வயல்வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள். அவர்களைக் கூட்டிப் போகலாமா என்று வார்டன் அம்மாவிடம் கேட்டேன். அந்த அம்மாள் பேசினால் ஒவ்வொரு வார்த்தையும் இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் வெளியே வரும்.

"வீடு வீடா ஏறி, கால்ல விழாத குறையா கெஞ்சி, இந்தப் புள்ளைங்களக் கொண்டாந்து படிக்க வச்சிருக்கேன். கூட்டிட்டுப் போற மாதிரியே கொண்டாந்து விடணும். ஒரு புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னு வைங்க, மறுநாளே அத்தனை அப்பனும் வந்து பொட்டியத் தூக்கிக்கிட்டு, பொண்ணையும் இழுத்துக்கிட்டுப் போயிருவான். அப்பறம் நீங்க யாருக்கு சரித்திரம் எழுதுவீங்க?"

"வெளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துருவோம்மா."

"வரணும்," என்றார்.

பஸ் எங்களைப் பிரிவு ரோட்டில் இறக்கிவிட்டது. உள்ளே போகிற பஸ் அன்றைக்கு வராது என்று கண்டக்டர் சொன்னார். ஏன் வராது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, உர மூட்டை ஏற்றிய டிரெய்லரோடு ஒரு டிராக்டர் வந்தது. டிரைவர் நல்ல மனுஷன், சிரித்த முகம்.

"மதகா? நான் அந்த வழியாத்தான் போறேன். புள்ளைங்கள ஏறச் சொல்லுங்க. மூட்டையோட மூட்டையா குந்திக்கட்டும்."

ஏறினோம். டிராக்டர் யாருடையது என்றும் நான் கேட்கவில்லை. வெயிலுக்குப் பிள்ளைகள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டார்கள். உர மூட்டைத் தூசு படாமல் பாவாடையை ஏற்றிச் செருகிக்கொண்டார்கள். மதியத்துக்கு விடுதியில் கட்டிக் கொடுத்த புளிச்சோறு ஆளுக்கொரு துணி மூட்டையாக மடியில் இருந்தது. காற்று முகத்தில் அடித்ததும் ஒருத்தி ஆரம்பிக்க, எல்லோரும் சேர்ந்து ஏதோ பாடிக்கொண்டே வந்தார்கள். எனக்கும் தோளில் ஒரு துண்டு. அந்த வண்டியைத் தூரத்திலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

ஊருக்கு முன்னால் ஒரு சின்னப் பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் டிராக்டர் சட்டென்று நின்றது. ரோட்டின் நடுவில் ஒரு நாற்று முடி கிடந்தது. ஒரு கைப்பிடி நாற்றைப் பறித்துக் கட்டினால் அதுதான் முடி. மாடு மேய்ந்துவிட்டுப் போனால் போயிற்று, அவ்வளவுதான் அது.

"என்னப்பா?" என்றேன்.

"நாத்து கெடக்கு சார். அது மேல ஏத்த மாட்டேன்."

எங்கள் பக்கத்தில் நடவு நடுகிற பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வரப்பு வழியே வசதியான ஆள் யாராவது போனால், காலுக்கு முன்னால் ஒரு நாற்று முடியை வைத்து மறிப்பார்கள். ஏதாவது கொடுத்தால்தான் எடுப்பார்கள். அதைத் தாண்டிப் போகிறவன் யாரும் கிடையாது, மிராசுதாரே ஆனாலும் நிற்பார். கேலியும் சிரிப்புமாக நடக்கிற விஷயம் அது. அன்றைக்கு அந்த முடிக்குப் பின்னால் சிரிப்பு எதுவும் இல்லை. பூவரச மரத்து நிழலில் உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து வந்தார்கள். இரண்டு பக்கத்து வயலும் உழுது, பரம்படித்து, தண்ணீர் நிறுத்தித் தயாராகக் கிடந்தன. நாற்றங்காலில் நாற்று மட்டும் நடுகிற பருவத்தைத் தாண்டி மளமளவென்று வளர்ந்து நின்றது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊரில் நடவு நின்றிருக்கிறது.

முன்னால் வந்தவர் நடுவயசு அம்மாள். வாயில் வெற்றிலை, இடுப்பில் இரண்டு கை. மற்றவர்கள் அவர் பேசட்டும் என்று காத்திருந்த விதத்திலேயே நடவுக்கூட்டத்துக்கு அவர்தான் தலைவி என்று தெரிந்தது.

"எந்த ஊரு ஆளுங்கடி நீங்க?"

"தஞ்சாவூரு," என்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சொல்வதுபோல ஒரே குரலில் சொன்னார்கள்.

"தஞ்சாவூருல ஏதுடி நடவாளு?"

நான் இறங்கினேன். "அம்மா, நான் பிள்ளைங்களுக்குச் சரித்திரம் எழுதுறவன். இதுங்க ஸ்கூல் பிள்ளைங்க. உங்க ஊரு மதகுக் கல்லைப் பாக்கலாம்னு வந்தோம்."

"இந்த டிராக்டரு யாருதுன்னு தெரியுமா?"

"வழியில பாத்து ஏத்திக்கிட்டாரும்மா."

அவர் திரும்பி மற்றப் பெண்களைப் பார்த்தார். "கேட்டுக்கிட்டீங்களா? நடவு நின்னு கெடக்கிற ஊருக்கு, மிராசு வீட்டு டிராக்டருல, தலையில துண்டக் கட்டிக்கிட்டு, பாவாடைய ஏத்திச் செருவிக்கிட்டு, ஐயா கல்லு பாக்கக் கூட்டியாந்திருக்காரு."

பின்னால் ஒரு பெண், "போன தடவ ஆளு கூட்டியாந்தவன் கல்யாணத்துக்குப் போறோம்னான். இவரு கொஞ்சம் படிச்சவரு, கல்லுங்கறாரு," என்றாள். இப்போது சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பு இல்லை. டிரைவர் என்னைப் பார்க்காமல் ஸ்டீயரிங்கையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"எறங்குங்கடி," என்றார் தலைவி. "காலக் காட்டுங்க."

எனக்கு உயிர் வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் காலைப் பார்த்தால் தெரிந்துவிடாதா, இத்தோடு விட்டது என்று நினைத்தேன். பிள்ளைகள் இறங்கி வரிசையாக நின்று காலை நீட்டினார்கள். தலைவி குனிந்து ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் மூன்றாவது பிள்ளையிடம் நின்றுவிட்டார். அவள் கால்விரல் இடுக்கில் மஞ்சள் அப்பியிருந்தது. மஞ்சளுக்கு அடியில் சேற்றுப்புண். நாள் முழுக்கச் சேற்றில் நின்று நடவு நடுகிறவர்களுக்கு வருகிற புண் அது, வேறு எந்த வேலைக்கும் வராது. அடுத்த பிள்ளைக்கும் இருந்தது. அதற்கடுத்தவளுக்கு இரண்டு காலிலும் இருந்தது.

லீவுக்கு வீட்டுக்குப் போன பிள்ளைகள் அம்மாவோடு வயலில் இறங்கியிருக்கிறார்கள். இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

"ஸ்கூலுல இதான் சொல்லிக் குடுக்கறாங்களா?" என்று தலைவி நிமிர்ந்தார். பெண்கள் நெருங்கி வந்தார்கள். நான் என்னென்னவோ சொன்னேன். என் பேச்சு அன்றைக்கு எனக்கே பொய்போல இருந்தது.

இதற்குமேல் கெடுவதற்கு எதுவும் இல்லை என்று நினைத்த நேரத்தில் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து மிராசுதாரின் காரியஸ்தர் வந்தார். குடையும் கையுமாக வேகமாக வந்தவருக்குப் பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள், லத்தியோடு. காரியஸ்தர் பிள்ளைகளை ஒரு பார்வை பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது.

"என்ன மேஸ்திரி, விடியக்காலம் வந்துருவேன்னு சொல்லி அனுப்புனீரு, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? சரி சரி, வாங்க. போலீசு இருக்கு, பயப்படாம கூட்டியாங்க."

அவர் வெளியூரிலிருந்து நடவாள் கூட்டி வர யாரோ ஒரு மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவனுக்காகத்தான் அன்றைக்கு டிராக்டரும் பிரிவு ரோட்டுப் பக்கம் வந்திருக்கிறது. வரவேண்டியவன் வரவில்லை, நான் வந்து நிற்கிறேன்.

"ஐயா, நான் மேஸ்திரி இல்லீங்க. இவங்க படிக்கிற பிள்ளைங்க."

"ஆமாமா, படிக்கிற புள்ளைங்கதான்," என்று அவர் எனக்கு மட்டும் கண்ணைச் சிமிட்டினார். "பேசுனபடி செஞ்சுருவோம். மொதல்ல வயல்ல எறக்குங்க."

எனக்காக அவர் சாமர்த்தியமாகப் பொய் சொல்கிறாராம். பெண்களுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஒருத்தி குனிந்து வரப்பிலிருந்து ஒரு மண்கட்டியைப் பெயர்த்துக் கையில் வைத்துக்கொண்டாள். போலீஸ்காரர்களில் இளையவர் லத்தியைக் கைமாற்றிப் பிடித்தார். நடுவில் பிள்ளைகள் புளிச்சோற்று மூட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு கட்டி பறந்தால் போதும். யார் மேல் விழுகிறது என்பது அப்புறம். எனக்கு வார்டன் அம்மாள் சொன்ன அந்தப் பெட்டிகள்தான் கண்ணில் தெரிந்தன. விடுதி வாசலில் வரிசையாக அப்பன்மார்கள், ஆளுக்கொரு தகரப் பெட்டி, பின்னால் அழுதுகொண்டே போகிற பிள்ளைகள். சரித்திரம் எழுதுகிறேன் என்று கிளம்பி நான் செய்து வைக்கப்போவது இதுதானா என்று நினைத்தேன்.

அப்போது இரண்டு காலிலும் புண் இருந்த பிள்ளை பேசினாள். ஒன்பதாவது படிக்கிறவள். விடுதியில் அவள் குரலை நான் கேட்டதே இல்லை.

"அத்தை," என்றாள் தலைவியைப் பார்த்து, "எங்கம்மாவும் உங்கள மாதிரித்தான் ரோட்டுல குந்தியிருந்துச்சு. லீவுக்குப் போனப்ப வீட்டுல அடுப்பு மூட்டல. பேசி முடிச்சு, கவருமெண்டு சொன்ன கூலி தர்றேன்னு ஒத்துக்கிட்ட பொறவுதான் நாங்க வயல்ல எறங்குனோம். அதுல வந்த புண்ணு இது. நான் போயி உங்க வயல்ல எறங்குவனா?"

தலைவி அவள் பக்கம் குனிந்தார். "என்ன சொன்ன?"

"எறங்குவனான்னு கேட்டேன்."

"அது இல்லடி. அதுக்கு முன்னாடி. கூலி குடுத்தாங்களா? கவருமெண்டு சொன்னதையா?"

"ஆமா."

"எந்த ஊரு நீ?"

அவள் ஊரைச் சொன்னாள். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற ஊர். காரியஸ்தர் குறுக்கே வந்தார். "சின்னப் புள்ள என்னமோ ஒளறுது. எந்த ஊருலயும் குடுக்கல."

போலீஸ்காரர்களில் மூத்தவர் இவ்வளவு நேரம் வெயிலில் நெளிந்துகொண்டு நின்றவர். இப்போது கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "இல்லீங்க, அங்க முடிஞ்சிருச்சு. அங்க போட்டிருந்த பந்தோபஸ்தத்தான் எடுத்து எங்கள இங்க தள்ளிட்டாங்க," என்றார். அவர் யாருக்கும் சாதகமாகப் பேசவில்லை. அங்கே நிழல் இருந்தது, இங்கே இல்லை என்பதுதான் அவர் வருத்தம்.

தலைவி வெற்றிலையைத் துப்பிவிட்டுக் காரியஸ்தர் பக்கம் திரும்பினார். "ஏங்க, எங்கயுமே குடுக்கல, குடுத்தா நாங்களும் குடுக்க மாட்டமான்னு மிராசு ஐயா கோயில் வாசல்ல நின்னு சொன்னாருல்ல? இந்தா, குடுத்த ஊரு காலு நிக்கிது. வந்து பாருங்க."

பெண்கள் எல்லோரும் அந்தப் பிள்ளையின் காலைப் பார்த்தார்கள். சற்றுமுன் எங்களுக்கு எமனாக இருந்த கால். மண்கட்டி வைத்திருந்தவள் அதை மெதுவாக வயலுக்குள் போட்டாள். தண்ணீரில் விழுந்த சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. அவ்வளவு இதமான சத்தத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

காரியஸ்தர் குடையை ஒரு தடவை மடக்கினார், விரித்தார். கடைசி முயற்சியாகப் பிள்ளைகளைப் பார்த்து, "ஏய், வாங்க இந்தப் பக்கம்," என்றார். யாரும் யாருக்கும் ஜாடை காட்டவில்லை. பிள்ளைகள் பாட்டுக்கு நடந்து போய்ப் பூவரச மரத்தடியில் பெண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். ஒருத்தி தலைத்துண்டை அவிழ்த்து விசிறிக்கொண்டாள். அவள் சட்டையில் செருகியிருந்த பேனா அப்போதுதான் எல்லோர் கண்ணிலும் பட்டது.

"நெசமாவே ஸ்கூல் புள்ளைங்கதானா?" என்று காரியஸ்தர் என்னைக் கேட்டார்.

"அதத்தாங்க வந்ததுலேருந்து சொல்றேன்."

"அப்ப மேஸ்திரி எங்கய்யா?" என்று டிரைவரைக் கேட்டார். டிரைவர், "எனக்கென்ன தெரியும், பொம்பளையாளுங்க நிப்பாங்க, ஏத்திட்டு வான்னீங்க, ஏத்திட்டு வந்தேன்," என்றார். பெண்களே சிரித்துவிட்டார்கள். இப்போது அது நல்ல சிரிப்பு. ஐயாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று காரியஸ்தர் திரும்பி நடந்தார்.

நானும் கிளம்பலாம் என்று காலை எடுத்தேன். "எங்க போறீங்க?" என்றார் தலைவி. "நாத்து முடி வச்சது வச்சதுதான். சும்மா எடுக்கக் கூடாது. என்ன குடுக்கறீங்க?"

என்னிடம் திரும்பிப் போக பஸ் காசு மட்டும்தான் இருந்தது. பிள்ளைகளே மூட்டைகளை அவிழ்த்தார்கள். புளிச்சோறு கைக்குக் கை மாறியது. தலைவி ஒரு வாய் போட்டுவிட்டு, "ஆஸ்டலுல உப்புக்குப் பஞ்சமா?" என்று கேட்டார். அப்புறம் எழுந்து போய் முடியை எடுத்து டிரைவர் கையில் கொடுத்து, "போ, போயி நாத்தங்கால் தண்ணியில வை. வாடிறப் போவுது," என்றார். நடவுக்கு முரண்டு பிடித்தவர் நாற்று வாடக் கூடாது என்றதை நான் குறித்துக்கொண்டேன். எந்தக் கல்வெட்டிலும் அகப்படாத விஷயம் அது.

மதகுக் கல்லை அவர்களே கூட்டிப் போய்க் காட்டினார்கள். அதற்கு வாய்க்கால் சேற்றில் இறங்கி நிற்க வேண்டியிருந்தது. ஊரார் தலைமுறை தலைமுறையாகத் துணி துவைத்து எழுத்தில் முக்கால்வாசி தேய்ந்து போயிருந்தது. விரலால் தடவிப் படித்ததில், மதகைத் திறந்து மூடுகிறவனுக்கு இவ்வளவு நிலம் விட்டது என்கிறது மட்டும் தேறியது. பிள்ளைகளுக்குச் சொன்னேன். வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன்.

"மதகு தெறக்கறவனுக்கு நெலம் குடுத்தா, நடவு நட்டவளுக்கு என்ன சார் குடுத்தாங்க?" என்றாள் அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை.

நான் தலைவியைப் பார்த்தேன். "கல்லுல வெட்டுற அளவுக்கு எவன் குடுத்தான்," என்றார் அவர்.

என் தண்ணீர்ப் புத்தகத்தில் கடைசி அத்தியாயம் அந்தக் கேள்விதான். பதில் முழுசாகக் கிடைக்கவில்லை, கிடைத்த வரைக்கும் எழுதினேன். அந்த ஊரில் நடவு, மழை பிடிப்பதற்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. நோட்டு வாங்க நான் வேலை பார்த்த கடைக்கு வந்த அதே டிராக்டர் டிரைவர் சொன்னார். என்ன கூலிக்கு என்று கேட்டேன். "அந்தப் புள்ள ஊரு கூலிதான் சார், இப்ப அதுக்குப் பேரே அதான்," என்றார்.

அன்றைக்குத் திரும்பும்போது எங்களை டிராக்டரில் ஏற அந்தப் பெண்கள் விடவில்லை. பிரிவு ரோடு வரைக்கும் கூடவே நடந்து வந்து, பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, கண்டக்டரிடம், "நம்ம வீட்டுப் புள்ளைங்க, பாத்துக் கொண்டுபோயி எறக்கு," என்று சொல்லி ஏற்றிவிட்டார்கள். பஸ் கிளம்பி ஊர் மறைந்ததும் நான் பிள்ளைகளை ஒரு பக்கமிருந்து எண்ண ஆரம்பித்து, இன்னொரு பக்கமிருந்தும் எண்ணினேன். எல்லோரும் இருந்தார்கள். அதற்கப்புறம்தான் எனக்குத் தண்ணீர் தாகமே எடுத்தது. ஜன்னலோரம் தலையைச் சாய்த்தவன் தஞ்சாவூர் வரைக்கும் தூங்கிவிட்டேன்.

விடுதியில் விளக்கு வைத்தாகிவிட்டது. வார்டன் அம்மாள் வாசலிலேயே நின்றார். பிள்ளைகளை ஒவ்வொருத்தியாக, முகம், கை, சட்டை என்று பார்த்துக்கொண்டே உள்ளே விட்டார். கடைசிப் பிள்ளையும் போன பிறகு அவர் பார்வை தரையில் போய் நின்றது. சிமெண்ட் தரை முழுக்க வாய்க்கால் சேறு, பிள்ளைகளின் கால் தடம் தடமாக.

"என்ன சார் இது," என்றார். "கல்லு பாக்கக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு, எங்கயாச்சும் நடவுக்கு எறக்கி விட்டீங்களா?"

உள்ளேயிருந்து பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் நானும் அந்தப் படியிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. வார்டன் அம்மாள் சமையல்கார அம்மாளைக் கூப்பிட்டு, "இவருக்கு ஒரு டம்ளர் மோர் கொண்டா. வெயில் தலைக்கு ஏறியிருக்கு," என்றார்.

மோரில் உப்பு இல்லை. ஒரே மடக்கில் குடித்தேன்.